சும்மா பல் பார்க்க வந்தவர்கள்

என் வயதுக்காரர்களே, இதைச் சொந்தப் பல்லோடு படிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். நான் தூக்கமாட்டேன்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர்ந்தது. கோயில் மண்டபத்தில் இலவசப் பல் முகாமாம், எல்லோரும் வரவேண்டுமாம். சத்தம் காதில் விழுந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயிலிருந்த பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு, டம்ளரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலையும் சாத்தினேன். மருமகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இல்லாத பல்லையா புடுங்கப் போறாங்க?"

"சும்மா குடுக்கிறவன ரெண்டு தடவ பாக்கணும்மா."

"அவருக்குக் கம்பெனியில குடுத்த இன்சூரன்ஸ் அட்டையில உங்க பேரும் இல்ல, பல்லுக்கு எடமும் இல்ல. இதையும் வேணாங்கிறீங்க. அப்ப யாருகிட்டதான் போவீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் டயகமவுக்கும் மேலே, மேகம் வாசற்படியில் வந்து உட்காருகிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற இடத்துக்கு, உங்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நான் அரைக்கால்சட்டையில் திரிந்த ஒரு பனிக்காலத்துக்கு. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எங்கள் லயத்தில் வருஷக் கணக்கு யாரிடமும் சரியாகக் கிடையாது. விவகாரமே அதில்தான் ஆரம்பித்தது.

அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் காம்பராவில் கராம்பு வாசம். அத்தைக்குப் பல்வலி. அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள். ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாய் தங்கச்சி, அத்தை, அப்புறம் அத்தையின் பல்வலி. அதுவும் ஒரு ஆள் மாதிரிதான், ராத்திரி அதற்கும் படுக்க இடம் வேண்டியிருந்தது. கராம்பை நசுக்கிக் கடைவாயில் அடக்கி, கன்னத்தைச் சுற்றி அப்பாவின் பழைய மஃப்ளரைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் யாரோ ஒரு பார்சலை மறந்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

வைத்தியத்துக்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டத்து மருந்துக்கார ஐயா இருந்தார். அவர் மருந்து இலவசம்தான். ஆனால் அவரிடம் இருந்தது ஒரு பெரிய போத்தல் நிறைய ரோஸ் கலர் தண்ணி. தலைவலிக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான், மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் அதுதான். அதுவாவது பரவாயில்லை. யாருக்கு வேலை செய்யத் தெம்பிருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஆபீசுக்குத் துண்டு எழுதுவதும் அவரே. அப்படிப்பட்டவரிடம் போய் நோயைச் சொன்னால், சொன்னது மருந்துக்குப் போகுமா, துரைக்குப் போகுமா? அத்தை அவரை ரோட்டில் கண்டால் மஃப்ளரை அவிழ்த்து மடியில் செருகிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவர் பயந்திருக்கவேண்டும்.

டவுனில் பெரியாஸ்பத்திரி. அதுவும் இலவசம். ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாலும் நம்பர் முடிந்திருக்கும், ஒரு நாள் சம்பளமும் போயிருக்கும். மிச்சம் இருந்தது அட்டன் பஜாரில் தனியார் பல் டொக்டர். முகமே இல்லாமல் பல் மட்டும் சிரிக்கிற ஒரு போர்டு வைத்திருந்தார். அப்பா ஒருமுறை அங்கே விலை விசாரிக்க மட்டும் போனார். திரும்பி வரும்போது அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். வெளியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வரப்போகிறது. பல் டொக்டர், ஊசி, மருந்து எல்லாம் அதிலேயே. ரெண்டு நாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். வெள்ளை வேன் என்றால் ஆளைக் கடத்திக்கொண்டு போகிற பயம் வருகிற காலம் பிற்பாடுதான். அன்றைக்கு எங்களைக் கலக்கியது அந்த ஒரு சதமும் வேண்டாம் என்ற பேச்சு.

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. மூங்கில் வழியாகத் தண்ணீர் கொட்டியபடி இருந்தது, குடம் நிறைந்து வழிந்தது, பேச்சு நிற்கவில்லை.

"ஏன் வேணாமாம்?"

"அதானே, ஏன் வேணாமாம்?"

சிரிக்காதீர்கள். சும்மா கிடைத்த விஷயங்களில் எங்கள் ஆட்கள் பட்டபாடு அப்படி. அதற்குச் சில வருஷம் முன்னால் சும்மா போட்டோ எடுக்கிறோம் என்று வந்தார்கள். எண்ணெய் தேய்த்து வாரி, இரவல் சட்டை போட்டு, விறைப்பாக நின்றார்கள் எங்கள் ஆட்கள். அந்தப் போட்டோ பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்தது. எத்தனையோ குடும்பம் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, நானுஓயாவில் ரயிலேறி, பார்த்தே இராத இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் எங்கள் லயத்தில் கேமராவைக் கண்டால் கோழிகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தச் சாயங்காலம் சந்தேகத்துக்குக் கைகால் வைத்தவர் தரகர் மாமா. வாரநாளில் மலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் மாட்டுத் தரகு. டயகமவிலிருந்து வலப்பனை வரைக்கும் அவர் விரலை விட்டுப் பார்க்காத மாட்டுவாய் கிடையாது என்பார்கள். அவர் நிதானமாக வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"மாட்டுக்கு நாம எதுக்குப் பல்லப் பாக்குறோம்?"

கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

"வயசுக்கு. ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டுப் பல்லும் சேந்து தேய ஆரம்பிச்சிருச்சுன்னா கெழடு. விக்கிறவன் ஆயிரம் பொய் சொல்லுவான், பல்லு சொல்லாது."

"மனுசனுக்குமா அண்ணே?" என்றாள் அம்மா.

"மனுசனுக்குத்தாம்மா முக்கியமா. மாடு என்னைக்காவது தன் வயசக் கொறச்சுச் சொல்லியிருக்கா?"

பீலிக்கரையில் நின்ற பெரியவர்கள் அத்தனை பேர் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. காரணம் உண்டு. எங்கள் பெரியவர்களில் பாதிப் பேருடைய வயசு, பேர் பதிந்த அன்றைக்கு எழுதுகிறவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. அத்தை குள்ளம். எழுதியவர் அவளைச் சின்னப்பெண் என்று நினைத்துக் கைக்கு வந்ததைக் குறைத்து எழுதிவிட்டார். பதிவுப்படி அவளுக்கு வேலை செய்ய இன்னும் காலம் பாக்கி. அவள் முழங்காலைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். அந்தச் சமயம் பார்த்து, வயசானவர்களின் பேரை வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற பேச்சும் தோட்டத்தில் அடிபட்டுக்கொண்டிருந்தது. பேர் போய்விட்டால் அத்தை தம்பி வீட்டில் உட்கார்ந்து தின்கிறவள். அவளுக்கு அதைவிடப் பல்வலி மேல்.

"அப்ப யாருமே போகவேணாங்கிறியா?" என்றார் அப்பா.

"ஒரு சின்னப் பயல அனுப்பிப் பாப்போம். பால் பல்லப் பாத்து எவன் பேர வெட்டப்போறான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கீழ்க்கடைவாயில் கரி பிடித்த ஒரு பல் இருந்தது. அதைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்திச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். வாயும் கொஞ்சம் நீளம். ஒற்றனுக்கு வேண்டிய தகுதி இந்த ரெண்டும்தான் என்று லயம் முடிவு செய்தது. கூலியாக, பன்னுக்குள் மீன் அடைத்த ஒரு மீன் பனிஸ் பேசப்பட்டது.

மறுநாள் அம்மா வீட்டுப்பக்கம் காய்த்த போஞ்சிக்காயை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "கைய வீசிக்கிட்டுப் போகாத. அவங்க வாங்கிட்டாங்கன்னா நமக்குப் பயமில்ல."

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியது. பெரிய வாத்தியாரின் சாய்வு நாற்காலியைத்தான் பல் பார்க்கிற நாற்காலியாக்கியிருந்தார்கள். ஜன்னலோரத்தில் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு சாமான், அதன் நுனியில் ஊசியாய் ஒரு கம்பி. பல்லைத் தைக்கிறார்களோ என்று நினைத்தேன். டொக்டரம்மா சிங்களப் பெண், வயசு குறைவு. பக்கத்தில் தமிழ் பேசுகிற நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி.

மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி: "தம்பிக்கு வயசு எத்தன?"

எனக்குள்ளே கோயில் மணி அடித்தது. பேர் கேட்கவில்லை, வலிக்கிறதா என்று கேட்கவில்லை. வயசு!

அடுத்து டொக்டரம்மா என் வாயைத் திறந்து, சின்னக் கண்ணாடியை விட்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டி இங்கிலீஷில் எண்ணினாள். மிஸ்ஸி அதை எழுதிக்கொண்டாள். தரகர் மாமா எத்தனை பெரிய மேதை என்று அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. போஞ்சிப் பையை நீட்டினேன். டொக்டரம்மா சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நாங்க எதுவும் வாங்கக்கூடாது தம்பி, வீட்டுக்கே கொண்டுபோ" என்றாள் மிஸ்ஸி.

அதோடு சரி. கையில் போஞ்சியைக் கட்டிப்பிடித்தபடி ஊசி வாங்கிக்கொண்டேன். பல் வெளியே வந்தபோது வலிக்கவில்லை, ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கரிப்பல்லை எனக்குக் கொடுக்காமல் தட்டில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல வருமானம் தந்த பல். "விறைப்புப் போறவரைக்கும் ஒண்ணும் சாப்புடாத. ஒதட்டக் கடிச்சுக்காத" என்று சொல்லி அனுப்பினாள் மிஸ்ஸி.

சாப்பிடவில்லை. ஆனால் லயத்துக்கு ஏறுகிற குறுக்குப்பாதையில் வாய்க்குள் மெத்தென்று என்னவோ தட்டுப்பட்டது. பனிஸை முன்கூட்டியே யாரோ வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேனோ என்னவோ, மென்றுகொண்டே போனேன். அது என் உதடு.

லயத்து முனையில் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெரிய அறிக்கையே தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் மட்டும் திறந்தது. ரத்தமும் எச்சிலும் சட்டையில் வடிந்தது. பேச்சு வரவில்லை, பானைக்குள் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையை ஆட்டி, வாயைக் காட்டி, எண்ணிக் காட்டினேன். கடைசியில் போஞ்சிப் பையைத் தூக்கிக் காட்டினேன்.

"போஞ்சிய வாங்கல!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"எதையுமே வாங்கமாட்டேங்கிறாங்கன்னா, பெருசா எதையோ வாங்கப்போறாங்கன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

தரகர் மாமா என் தாடையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மாட்டைப் பார்க்கிற அதே பிடி. "பய நெறையக் கண்டுட்டான். வெளிய சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டி அனுப்பியிருக்காங்க."

அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினார்கள். நான் இருமியதுகூடக் கோணலாக இருந்ததாம். உண்மையைச் சொன்னால் அன்றைய சாயங்காலம் எனக்குப் பொற்காலம். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக வந்து என் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் விறைப்பு போய் வாய் சரியாகிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்: ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும், பல் வலிக்கவே இல்லை, டொக்டரம்மா நல்லவள்.

அப்பா என்னைக் கூர்ந்து பார்த்தார். "நேத்து ஒரு மாதிரி பேசுன, இன்னைக்கு ஒரு மாதிரி பேசுற. யாருடா சொல்லிக்குடுத்தா?"

பிற்காலத்தில் கோர்ட் வாசலில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். என்னளவுக்கு அவமானப்பட்ட சாட்சி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

அதே காலையில் அத்தை எழுந்திருக்கவில்லை. மஃப்ளரை அவிழ்த்தால் கன்னம் கொய்யாக்காய் மாதிரி கட்டியாய், மினுமினுவென்று இருந்தது. ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அம்மா கரண்டியால் ஊற்றிய கஞ்சி தாடையில் வழிந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

மருந்துக்கார ஐயா யார் சொல்லியோ தானாகவே வந்தார். அத்தைக்கு வீக்கத்தை மறைக்கக்கூடத் தெம்பு இல்லை. அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போத்தலைத் திறக்காமலே மூடி வைத்தார்.

"இது என் மருந்துக்கு அடங்காது. வீக்கம் கழுத்துக்கு எறங்குனா மூச்ச அடைச்சிரும், ஆள் போயிரும். வேன் மத்தியானம் கெளம்புது. ஒடனே கூட்டிட்டுப் போங்க."

அவர் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். "இந்தாளும் அவங்களும் கூட்டா இருந்தா?"

ரோஸ் தண்ணிக்கு மேல் எதையும் கொடுக்காத மனிதர், முதல்தடவையாக மருந்து இல்லை என்று உண்மையைச் சொன்னார். அதையும் நாங்கள் நம்பவில்லை. இப்போது நினைத்தால் அவருக்காகத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அத்தை பல்லிடுக்கு வழியாகப் பேசினாள். "நான் போகல தம்பி. என் பல்லுதான் எல்லாத்தையும் சொல்லிருமே. பேரு போச்சுன்னா நான் செத்ததுக்குச் சமம். அதுக்கு இப்படியே போயிறலாம்."

"உசுரு போனா பேரு மட்டும் இருந்து என்னக்கா பண்ணும்?"

"பேரு இல்லாத உசுரு உனக்குப் பாரம்டா."

அப்பா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். எங்கள் காம்பராவில் அது ரெண்டு எட்டுத்தான். அம்மா தங்கச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"என் பேரச் சொல்லுங்க அண்ணி."

அப்பா நின்றுவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? அக்கா பல்லப் பாத்து உன் பேருக்கு வயச எழுதிட்டாங்கன்னா?"

"எழுதட்டும்."

"உன் பேர வெட்டிருவாங்கடி! கைப்புள்ளக்காரி நீ!"

"வெட்டுனா போஞ்சி போட்டு விக்கிறேன். யாருமே வாங்கமாட்டேங்கிறாங்க, அது வேற." அம்மா தங்கச்சியைத் தோளில் போட்டுத் தட்டினாள். "அண்ணி, என் சேலையக் கட்டிக்கங்க. தலையோட முக்காடு போட்டுக்கங்க. எந்திரிங்க."

பல்லைப் பார்த்து யாரும் தோட்டத்துப் பேரை வெட்டமாட்டார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அன்றைக்குத் தெரியாது. அவள் நிஜமாகவே தன் வருஷங்களை எடுத்து நாத்தனார் கையில் கொடுப்பதாக நம்பினாள். நம்பித்தான் கொடுத்தாள். உனக்குப் பயமாயில்லையா என்று எங்களில் ஒருத்தர்கூட அவளைக் கேட்கவில்லை.

அனுபவசாலி என்ற முறையில் நானும் கூடப் போனேன். மிஸ்ஸி கேட்ட கேள்விகளுக்கு அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் பேரை நானே சொன்னேன்.

"வயசு?"

அம்மாவின் வயசு எனக்கெப்படித் தெரியும்? வாய்க்கு வந்தது. "இருவத்தெட்டு."

மிஸ்ஸி முக்காட்டை விலக்கினாள். உள்ளே பாதிக்கு மேல் நரை. என்னைப் பார்த்தாள். மறுபடி நரையைப் பார்த்தாள்.

"வெயில்ல நரைச்சிருச்சு மிஸ்ஸி" என்றேன். வெளியே பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி.

டொக்டரம்மா இதையெல்லாம் கேட்கவே இல்லை. அத்தையின் கழுத்தை அழுத்திப் பார்த்தாள், சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள், சாமான்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "இங்க வச்சுச் செய்ய ஏலாது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றாள் மிஸ்ஸி. நாற்காலியில் காத்திருந்தவனை எழுப்பிவிட்டு, அத்தையைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார்கள். எனக்கு இடமில்லை என்றார்கள்.

வேன் லயத்தைத் தாண்டித்தான் கீழே இறங்கவேண்டும். கண்ணாடி வழியாக அத்தையின் முக்காடு தெரிந்தது. அப்பா ஒரு செருப்போடு பின்னாலேயே ஓடினார். வேன் நிற்கவில்லை. பீலிக்கரையிலிருந்து தரகர் மாமா கத்தினார்: "சொன்னேன்ல! சொன்னேன்ல! ஆளையே கொண்டுபோறாங்க!"

மறுநாள் அப்பா, அம்மா, நான் மூவரும் முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். மிஸ்ஸியின் முகம் எனக்குத்தான் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்குக் கதவு திறந்ததும், வாசலில் இருந்தவரிடம் அப்பா அத்தையின் பேரைச் சொன்னார். அவர் பேர்ப்பட்டியலில் மேலிருந்து கீழே தேடினார்.

"எஹெம கெனெக் நெஹே." அப்படி ஒருத்தரும் இல்லையாம்.

அப்பா தெரிந்த சிங்களத்திலும் தெரியாத சிங்களத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னார். குள்ளமாக இருப்பாள், கன்னம் வீங்கியிருக்கும், நேற்று வெள்ளை வேனில் வந்தாள். இல்லை. யாரும் இல்லை. அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தரகர் சொன்னான். அவன் சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் அழ ஆரம்பித்தேன். அத்தையை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அம்மா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்த் தன் பேரைச் சொன்னாள்.

"ஆ, இருக்காங்களே" என்றார் வாசல்காரர், இந்தத் தடவை தமிழில். "அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

அம்மா அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நாத்தனார்" என்றாள்.

அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே ஒரு கட்டு. வீக்கம் பாதியாய் வடிந்து, ரெண்டு கண்ணும் திறந்திருந்தது. பாண் ரொட்டியைச் சாயத் தேத்தண்ணியில் தோய்த்து மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசு புள்ள. இங்க நாந்தான் நீ."

கீறிச் சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கிவிட்டார்களாம். ஊசிமருந்து வேளாவேளைக்குப் போடுகிறார்களாம். சாப்பாடும் கொடுக்கிறார்களாம். "ஒரு சதம் கேக்கல. அதான் எனக்குச் சரியாப் படல" என்றாள். வேனில் வந்த டொக்டரம்மா சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாளாம். "எதுக்கு வந்து பாக்குறா? மிச்சம் எத்தன பல்லு இருக்குன்னு பாத்துட்டுப் போறா."

கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அம்மா என்னைத் தள்ளினாள். "வயசு என்ன போட்டிருக்குன்னு பாருடா."

எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நான் சொன்ன அதே இருபத்தெட்டு.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "இது வெளிக்கணக்கு. உள்கணக்கு வேற வச்சிருப்பாங்க" என்றாள்.

அந்த உள்கணக்கை அவள் கடைசிவரை விடவில்லை. வெகுகாலம் கழித்து, எல்லோரையும்போல உரிய வயதில் அம்மாவின் பேரையும் எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "பாத்தியா? அன்னைக்கு எழுதுனது இப்பத்தான் வேல செய்யுது" என்றாள். எங்கள் குடும்பத்தில் நம்பிக்கை அந்த மட்டில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, முதல்தடவையாக வேலைக்கு வந்த காலை. தன் பேரைக் கொடுத்த நாளிலிருந்து அதுவரைக்கும் அம்மா வாயைத் திறந்து சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. கங்காணி எதிரே வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். கணக்கப்பிள்ளை இருமினால் நின்றுவிடுவாள். இன்றைக்கு வெட்டுவார்கள், நாளைக்கு வெட்டுவார்கள் என்று ஒவ்வொரு காலையும் பெரட்டுக் களத்துக்குப் போய், தன் பேர் கூப்பிடப்படுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதற்காக நான் பால்போத்தலோடு பின்னால் போவேன், அதனால் தெரியும்.

அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் பேருக்கு முந்திய பேர் வந்தது, பதிலும் வந்தது. பிறகு அவர் நிறுத்தினார். கையிலிருந்த பேர்ப்புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கைச் சிந்தினார். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குக் கை மரத்துப்போனது.

கடைசியில் கூப்பிட்டார். அம்மாவின் பேரேதான். ஆனால் அவளுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

கங்காணி மறுபடி, கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டார்.

"ஆங், இங்கதான் மிஸ்ஸி!" என்று முன்வரிசையிலிருந்து கணீரென்று பதில் வந்தது.

அத்தை!

பெரட்டுக் களமே திரும்பிப் பார்த்தது. கங்காணி நிமிர்ந்தார். "யாருக்கு யாரு சத்தம் குடுக்கிறது? அது உன் பேரா? நான் ஒனக்கு மிஸ்ஸியா?"

அத்தை கம்பளிக்குள் குறுகிக்கொண்டாள். "இல்லீங்க கங்காணி ஐயா... படுக்கையில கெடந்து பழகிப்போச்சுங்க."

என் தோளிலிருந்த கை விலகியது. முதலில் அம்மா அழுகிறாளென்றுதான் நினைத்தேன். பார்த்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். முந்தானை எங்கேயோ போய்விட்டது, கங்காணி முன்னால் நிற்கிறார் என்ற நினைப்பும் இல்லை. கடைவாய்வரை தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டு அவிழ்த்த தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அத்தையும் சிரித்தாள்.

"காலங்காத்தால என்ன இளிப்பு? மலைக்கு ஏறுங்க!" என்று கத்திவிட்டு, கங்காணி அம்மாவின் பேருக்கு நேரே கோடு போட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். பனிக்குள் ரெண்டு கம்பளியும் மறைந்த பிறகும், குறுக்குப்பாதையிலிருந்து அவர்கள் சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.